நினைவில் நின்ற படங்கள் – 9: கேட்கும் முகங்கள்

சங்கீதத்தை மையமாகக் கொண்டு எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், பாட்டைப் பற்றியும், பாடியவரைப் பற்றியும், மெட்டமைத்தவரைப் பற்றியுமே பெரும்பாலும் பேசி முடித்துவிடுகிறார்கள். அவை பேசத் தக்கவையே என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அத்தகைய படங்களுள், ஆண்டுகள் பல கழிந்த பின்னும் என் நெஞ்சைவிட்டு அகலாதவை எவை, அவை அகலாமைக்குக் காரணம் யாது என்று ஆராயப் புகும்போதெல்லாம், பாடுகிறவருடைய முகத்தைக் காட்டிலும், அந்தப் பாட்டை ஒரு தூணோரத்திலோ ஒரு மாடத்திலோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தவருடைய முகமே முன்னே வந்து நிற்கிறது. இவ்வாரம் அப்படிப்பட்ட சில முகங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கச்சேரிக்குப் போகிறவன் மேடையை நோக்கி அமர்கிறான். பக்கத்தில் இருப்பவர் ஒரு சங்கதியில் கண்ணை மூடிக்கொள்கிறாரா, தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை மறந்து கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையும் ஆகாது; அப்படிப் பார்க்கிறவனுக்குப் பாட்டும் போய்விடும். மிக அந்தரங்கமான ஓர் அனுபவத்தில் ஆழ்ந்திருக்கும் மனிதனை, அவனுக்குத் தெரியாமல், அருகே நின்று, அவனுடைய கண்ணிமையின் அசைவுவரை பார்க்கும் உரிமையை நமக்கு அளிக்கும் கலை சினிமா ஒன்றுதான். நாடகத்தில் கூட இது இயலாது. பத்தாவது வரிசையில் இருப்பவனுக்கு நடிகனின் கண் ஒரு புள்ளிதானே.

இந்த உரிமையை நம்மவர்கள் உடனே பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1931-ல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கிய நாள்முதல், பேசியதைவிடப் பாடியதே அதிகம். சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதாகப் புகழ்பெற்ற ‘ஹரிதாஸ்’ போன்ற படத்தில், தியாகராஜ பாகவதர் பாடத் தொடங்கினால் காமிரா அவரைவிட்டு அதிகம் நகர்வதில்லை. மக்கள் அவரைக் கேட்கத்தான் வந்தார்கள். அந்தக் குரலுக்கு முன்னே வேறு எவருடைய முகத்தையும் பார்க்க அவர்களுக்கு அவகாசமில்லை. கேட்பவர்கள் பக்கத்தில் இருந்தால், அவர்கள் மண்டபத்துத் தூண்களைப் போலவே அலங்காரத்துக்கு இருந்தார்கள். மெய்யான வித்வான்களையே நடிக்கவைத்துப் பார்த்த காலமும் அதுவே. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, 1940-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய ‘கவி காளமேகம்’ படத்தில் கதாநாயகராகவே நடித்தார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் இப்போது அரியர். அவருடைய தோடியைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

அதே டங்கன், 1945-ல் ‘மீரா’ எடுத்தபோது ஒரு காரியம் செய்தார். எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் தலையைச் சிலையாக வடிக்கச் செய்து, அந்தச் சிலையின்மீது பல கோணங்களிலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சி, எந்த ஒளியில் அந்த முகம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் கூடிப் பரிசோதித்தார். அந்தப் பிரயாசையின் பலன் படம் முழுவதும் தெரிகிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே, தன் பாட்டுக்கு மறுமொழியாக வேறொரு குரல் எங்கிருந்தேனும் வருகிறதா என்று உற்றுக் கேட்கும் பாவனை அந்த முகத்தில் இருக்கிறது. பாடுகிறவரே கேட்கிறவராகவும் இருக்கக் கண்டது எனக்கு அந்தப் படத்தில்தான். அதனாலேயே பக்திப் படங்கள் என்று நூறு வந்தபோதிலும் ‘மீரா’ தனியே நிற்கிறது.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அந்த ஆபேரிப் பாட்டு, தமிழ் பேசும் வீடு ஒவ்வொன்றிலும் ஒலித்தது. காதுக்குக் கிடைத்த அந்தப் பெருவிருந்துக்கு ஈடாகக் கண்ணுக்கு ஒன்று கிடைத்ததென்றால், அது நாயனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சாவித்திரியின் முகந்தான்; படத்தின் மற்றப் பகுதிகள் அந்தக் காட்சியின் உயரத்துக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி ‘தில்லானா மோகனாம்பாள்’.

கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, கோபுலுவின் சித்திரங்களோடு வாரந்தோறும் வெளிவந்து, தஞ்சை ஜில்லாவின் மேளக்காரர்களையும் சதிர்க்காரர்களையும் மைனர்களையும் ஊர்வம்பர்களையும் வாசகர்களின் வீட்டு மனிதர்களாகவே ஆக்கிவிட்ட கதை அது. ஏ.பி. நாகராஜன் அதை 1968-ல் படமாக்கினார். பெரிய நாவலொன்றைப் படமாக எடுக்கும்போது உடலை வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுவது வழக்கம். நாகராஜன் உடலில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டார். சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாதஸ்வர வித்வானும் மோகனாம்பாள் என்னும் நாட்டியக்காரியும், ஒருவர் வித்தையில் மற்றவர் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, அதை ஒப்புக்கொள்ள வித்வத் கர்வம் இடம் கொடாமையால் படும் பாடுதான் அந்த உயிர்.

இந்தக் கதையின் காதல் முழுவதும் ஒளிந்து கேட்பதிலும் ஒளிந்து பார்ப்பதிலும் நடைபெறுகிறது என்பதைக் கவனித்தால், நாகராஜன் எதைப் பிடித்துக்கொண்டார் என்பது விளங்கும். திருவிழாவில் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கிறார்; வாணவெடிகள் நடுவே வெடிக்கத் தொடங்குகின்றன; வாசிப்பை மதியாத இடத்தில் வாசிக்கமாட்டேன் என்று நாயனத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். கேட்பவனுக்குக் கேட்கத் தெரியவேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதமுள்ள அந்த மனிதர், பிறகு மோகனாம்பாளின் ஆட்டத்தைக் காணத் தூணுக்குப் பின்னே மறைந்து நிற்கிறார். அவர் நிற்பதை அவள் அறிந்துகொள்கிறாள். சபையோ முருகனை அழைத்துப் பாடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த அழைப்பு யாரைக் குறித்தது என்பது அவளுக்கும், தூணுக்குப் பின்னே நிற்பவருக்கும், கொட்டகையில் இருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். பி. சுசீலாவின் குரலும் பத்மினியின் பாதங்களும் அங்கே செய்யும் அற்புதத்தைப் புகழாதார் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது, ரசனை மேலிட்டுத் தலை அசைந்துவிடப் போகிறதே என்று அதைத் தடுக்கப் பாடுபடும் சிவாஜி கணேசனின் கழுத்தைத்தான்.

படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பது யாவரும் அறிந்ததே. அவர்கள் வாசிப்பதை உடனிருந்து நோக்கி, மூச்சு எங்கே அடங்குகிறது, எந்தப் பிருகாவுக்கு எந்த விரல் எழுகிறது, கழுத்து நரம்பு எப்போது புடைக்கிறது என்பனவற்றைச் சிவாஜி கணேசன் தம் உடம்பிலே ஏற்றிக்கொண்டார். வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசிப்பதாக நடித்ததை, வாசிப்பையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்களும் பாராட்டினார்கள் என்றால், அவர் விரலைக் காட்டிலும் செவியைப் பழக்கியிருக்கிறார் என்றே நான் கொள்ளுகிறேன்.

விஷம் தோய்ந்த கத்தியால் காயம்பட்டுக் கிடந்து எழுந்த சண்முகசுந்தரம் மறுபடி வாசிக்க, மோகனாம்பாள் ஆடிக்கொண்டே அவருடைய நலத்தை விசாரிக்கும் அந்தப் பாட்டுக்கு வருவோம். கண்ணதாசன் எழுதியது, கே.வி. மகாதேவன் இசையமைத்தது. ஊரே கூடியிருக்கிறது, தாயார் வடிவாம்பாளின் காவல் இருக்கிறது, ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவளுக்காவது பாட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, சலங்கை இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது? வாயில் சீவாளி; இரு கைகளும் குழலின்மீது; உதட்டைப் பிரித்து ஒரு புன்னகை செய்தாலும் ஸ்வரம் நின்றுவிடும். ஒரு நடிகனிடமிருந்து வசனத்தையும் கையையும் வாயையும் பறித்துக்கொண்டு, மீதி இருப்பதைக் கொண்டு காதலையும் வேதனையையும் நன்றியையும் கர்வ பங்கத்தையும் காட்டு என்று கட்டளையிட்டால் அவன் என்ன செய்வான்? கர்ஜனைக்குப் பெயர்போன அந்த நடிகர், புருவத்தையும் கண்ணையும் கொண்டு மட்டுமே அந்தக் கட்டளையை நிறைவேற்றுகிறார். அவள் கேட்கிறாள், அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்து உள்ளே இறங்குகிறது, கண் நனைகிறது, அதன் பிறகே நாயனம் பதில் சொல்லுகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உள்ள அந்த ஒரு கணத்தை நாகராஜனும் ஒளிப்பதிவாளர் கே.எஸ். பிரசாதும் அவசரப்படாமல் விட்டுவைத்தார்கள். பக்கத்தில் தவிலோடு நிற்கும் முத்துராக்கு, அதாவது டி.எஸ். பாலையா, இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பதைக் கண்டுகொண்டு, தாளத்தையும் விடாமல், தம் மகிழ்ச்சியையும் மறைக்க முடியாமல் நிற்கும் அழகு தனியே ஒரு கட்டுரைக்கு ஆகும்.

ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவையும் விட்டுவிடக் கூடாது. ராக லக்ஷணம் அறிந்தவள் அல்லள் அவள். நாடகக் கொட்டகையில் ஆடிப் பிழைப்பவள். சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அந்த இனிமை நாயனத்தினுடையதா, வாசிக்கிறவருடையதா என்னும் பொருள்பட அவள் வெள்ளை உள்ளத்தோடு கேட்கும் கேள்விக்குக் கொட்டகை சிரிக்கிறது. எனக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை. ரஸிகத் தன்மை என்பது படித்தவர்களின் ஏகபோகம் அன்று என்பதை, படித்தவர்கள் நிரம்பிய அந்தக் கதையில் அவள் ஒருத்தி நிலைநாட்டிவிடுகிறாள்.

கேட்பவன் ஒருவனையே கதாநாயகனாக வைத்துப் படம் எடுக்க முடியுமா என்றால், சத்யஜித் ராய் அதைப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1958-ல், ‘ஜல்சாகர்’ என்னும் வங்காளிப் படத்தில் செய்து காட்டியிருந்தார். தாராசங்கர் பந்தோபாத்யாயரின் சிறுகதை அதற்கு ஆதாரம். ராயின் ‘அபராஜிதோ’ வெனிஸ் நகரில் தங்கச் சிங்கம் பெற்ற படமாயினும், கல்கத்தாக் கொட்டகைகளில் வசூலாகவில்லை. ஆகவே ஆட்டமும் பாட்டும் உள்ள படமொன்று எடுத்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் கருதினார். அப்படிக் கருதித் தொடங்கியவர் முடித்த படமோ, பாட்டுக் கேட்பதற்காகத் தன்னையே அழித்துக்கொண்ட ஒரு ஜமீன்தாரின் மரண சாசனமாக அமைந்துவிட்டது.

படத்தின் தொடக்கத்தில் அந்த ஜமீன்தார், விசுவம்பர ராய், மாளிகையின் மொட்டை மாடியில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இப்போது எந்த மாதம் என்று வேலைக்காரனைக் கேட்கிறார். அவருக்குக் காலம் நின்றுபோயிற்று. அப்போது தொலைவிலிருந்து ஷெனாய் ஓசை மிதந்து வருகிறது. அந்த முகம் மெல்லத் திரும்புகிறது. நாட்களை மறந்த மனிதருக்கு நாதம் மறக்கவில்லை என்பதை, ஒரு சொல்லும் இன்றி, அந்த ஒரு திருப்பத்திலேயே சத்யஜித் ராய் தெரிவித்துவிடுகிறார். ஷெனாய் ஒலிப்பது, வட்டிக்குக் கொடுத்துப் புதுப் பணக்காரனான மஹிம் கங்குலியின் வீட்டில் என்பது பின்னால் தெரியவருகிறது.

பேகம் அக்தர் பாடும் ஜல்ஸாவை, படம் கிடைக்கக்கூடிய அன்பர்கள் மறுபடியும் பார்க்கவேண்டும். மகனின் பூணூல் கலியாணத்துக்கு நகைகளை அடகு வைத்து நடத்தும் கச்சேரி அது. பாடகியின்மீது சிறிது நேரம் தங்கும் காமிரா, பிறகு சபையைச் சுற்றிவருகிறது. கங்குலி நிலைகொள்ளாமல் நெளிகிறார். வந்த கடமைக்கு உட்கார்ந்திருக்கிறார். ஜமீன்தாரோ திண்டில் சாய்ந்து அசையாமல் இருக்கிறார். கடன்காரர்களும், பத்மா நதி அரித்துக்கொண்டு போன நிலங்களும், மனைவியின் கவலையும் அந்த முகத்தைவிட்டு விலகிப் போயிருக்கின்றன. இரண்டாவது ஜல்ஸாவில், உஸ்தாத் சலாமத் அலி கான் பாடிக்கொண்டிருக்க, வெளியே புயல் எழுகிறது. பூச்சியொன்று மதுக் கோப்பையில் விழுந்து சுழல்கிறது. நீர்வழியே திரும்பிக்கொண்டிருக்கும் மனைவியையும் மகனையும் எண்ணி அந்த முகத்தில் பயம் ஏறுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவரால் மேலும் கேட்க முடியாமல் போவதை நாம் பார்க்கிறோம். அந்த இரவில் படகு கவிழ்ந்து அவர் இருவரையும் இழக்கிறார்.

மூன்றாவதும் கடைசியுமான ஜல்ஸா, பெட்டியில் மிஞ்சிய பணத்தையெல்லாம் கொட்டி நடத்தப்படுவது. ரோஷன் குமாரி கதக் ஆடுகிறார். ஆட்டம் முடிந்ததும் கங்குலி சன்மானம் கொடுக்கக் கையை நீட்டுகிறார்; நீட்டிய மணிக்கட்டை ஜமீன்தாரின் கைத்தடியின் வளைந்த பிடி கவ்வி நிறுத்துகிறது. முதல் சன்மானம் அளிக்கும் உரிமை வீட்டுக்குரியவனுடையது. இருந்த பொற்காசுகளையெல்லாம் அவர் கொடுத்துவிடுகிறார். இதில் ஜமீன்தார் ஆணவத்தையே காண்பவர்கள் உண்டு. ஆணவம் இருக்கிறதுதான், ராய் அதை மறைக்கவுமில்லை. ஆனால் குடிகளின் உழைப்பில் வளர்ந்த ஒரு வர்க்கம் செய்த பாவங்களைக் கணக்கெடுக்கும்போதும், ஹிந்துஸ்தானி சங்கீதம் அத்தகைய கூடங்களில்தான் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தது என்னும் உண்மையை ஒதுக்கிவிட முடியாதல்லவா? அந்தத் துன்பமான முரண்பாட்டை எந்தப் பக்கமும் சாயாமல் ஏந்திப்பிடித்த படம் இதுபோல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

நிம்திதா என்னும் ஊரில் பத்மா நதிக்கரையில் நின்ற பழைய மாளிகையில் படத்தை எடுத்தார்கள். தாராசங்கர் தம் கதைத் தலைவனை எந்தக் குடும்பத்தவர் ஒருவரை மனத்தில் வைத்துப் படைத்தாரோ, அந்தக் குடும்பத்தின் மாளிகையே அது என்பது, இடத்தைத் தேர்ந்துகொண்ட பிறகே ராய்க்குத் தெரியவந்தது. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. ஜமீன்தாராக நடித்து, சங்கீத ரஸிகத்தின் அவதாரமாகவே திரையில் விளங்கும் சபி விசுவாஸ், சொந்த வாழ்வில் சங்கீத ஞானம் அறவே இல்லாதவர் என்று ராய் குறிப்பிட்டிருக்கிறார். விலாயத் கானின் இசையையும் பேகம் அக்தரின் குரலையும் அவர் செவி எவ்வாறு வாங்கிக்கொண்டதோ, யாருக்குத் தெரியும்! உருகுவது எப்படியிருக்கும் என்பதை அந்த நடிகர் தம் கற்பனையிலிருந்து படைத்தார். படைத்தது பொய் என்று எந்தச் சங்கீதக்காரரும் சொல்லத் துணியார்.

இவ்விரண்டுக்கும் அடுத்து நான் வைப்பது, 1980-ல் வெளிவந்த தெலுங்குப் படமாகிய ‘சங்கராபரணம்’. கே. விசுவநாத் இயக்கியது, இசை, ‘தில்லானா மோகனாம்பாளு’க்கு இசையமைத்த அதே கே.வி. மகாதேவன். சங்கர சாஸ்திரியாக நடித்த ஜே.வி. சோமயாஜுலு, அரசாங்கத்தில் டெபுடி கலெக்டர் உத்தியோகம் பார்த்த நாடக நடிகர். அவருக்காகப் பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம், கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றவரல்லர். மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி பயிற்சி அளிக்க, பாடித் தேசிய விருதும் பெற்றார். அந்தப் படத்தின் பாட்டுகளை இங்கே நான் புகழப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும். தெலுங்கு வசனத்தோடேயே, தமிழில் குரல் மாற்றாமல், தமிழ்நாட்டில் அது நெடுநாள் ஓடிற்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

துளசி என்னும் பாத்திரத்தில் மஞ்சு பார்கவி நடித்திருக்கிறார். கணிகையர் குலத்தில் பிறந்தவள். சாஸ்திரியின் பாட்டைத் தெய்வமாக எண்ணுகிறவள். படம் முழுவதும் அவளுக்கு வசனம் மிகக் குறைவு. அதற்கு முன்னே கவர்ச்சி நடனங்களுக்கு அழைக்கப்பட்டுவந்த ஒரு நாட்டியக்காரிக்கு, பேச்சைக் குறைத்துக் கேட்கும் வேலையை முழுவதாகக் கொடுத்த விசுவநாத்தின் துணிவை மெச்சவேண்டும். கடைசிக் கச்சேரியில், மேடையில் சாஸ்திரியின் மூச்சுத் தளர்கிறது. பாட்டு பாதியில் நிற்கப்போகும் தறுவாயில், துளசியின் மகனாகிய சிறுவன் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடுகிறான். ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய முகத்தில், குருவை இழக்கும் துயரமும் மகனைப் பெற்ற பேறும் ஒரே சமயத்தில் வருகின்றன. எது முந்தியது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. சாஸ்திரியின் காலடியில் அவளும் உயிர் விடுவதாகக் கதையை முடித்திருப்பது தேவைக்கு மிஞ்சியது என்று எனக்குப் படுகிறது. அவள் கேட்டு நின்ற அந்த நிலையோடு முடித்திருந்தாலே போதும். அதற்குமேல் கதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த இதழில், பாட்டே இல்லாமல் 1954-ல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன். வீணை வித்வானாகிய எஸ். பாலசந்தர், பாட்டு ஒன்றுகூட இல்லாமல் இயக்கிய படம் அது. அங்கேயும் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்: கொலை நடந்த வீட்டில், சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து சொல்லுவதையெல்லாம் பொறுமையோடு செவிமடுக்கும் துப்பறியும் அதிகாரி, ஜாவர் சீதாராமன்.